ஏழு, ஏழு, பதினொன்று: சோஃபியாவில் உங்களுக்குத் தவறிய தாளம்

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். அலுவலக வேலையாகச் சோஃபியாவுக்குப் போன இடத்தில், ஒரு மாலை சிறிய அரங்கம் ஒன்றில் பாட்டே இல்லாத வாத்தியக் கச்சேரி கேட்டிருக்கிறீர்கள். கவால் என்ற மரக்குழல், கடுல்கா என்ற வில் வாத்தியம், அக்கார்டியன், டபுள் பேஸ், டிரம்ஸ் என்று ஐந்து பேர். பல்கேரிய நாட்டுப்புற இசையும் ஜாஸும் கலந்தது என்று டிக்கெட்டில் போட்டிருந்தது. சிறு வயதில் பாட்டு கற்ற பழக்கத்தில் தொடையில் தாளம் போட்டுப் பார்த்தீர்கள். ஓர் உருப்படியில் ஏழு, மறுபடி ஏழு என்று வந்தது. மூன்றாவது முறை ஏழில் நிற்காமல் பதினொன்றுவரை ஓடியது. கூட வந்த நண்பர், ஜாஸ் என்றால் அப்படித்தான், அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பார்கள், கணக்கெல்லாம் கிடையாது என்று சொல்லிவிட்டார். எது நாட்டுப்புறம், எது ஜாஸ், எது முன்பே முடிவானது, எது அங்கேயே பிறந்தது, கடைசியில் ஐந்து பேரும் ஒரே நொடியில் எப்படி நிறுத்தினார்கள் என்று அடுக்கிக் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: அவர்களிடம் ஒரு கணக்கு இருந்ததா, அல்லது என் காதுதான் ஏமாந்ததா?

கணக்கு இருந்தது. உங்கள் காதும் ஏமாறவில்லை. ஏழு, ஏழு, பதினொன்று என்று எண்ணினீர்களே, அது அநேகமாகச் சரியான எண்ணிக்கை. உங்கள் நண்பர் சொன்னதுதான் தவறு.

என்னைப் பற்றி இரண்டு வரி. பத்து வயதில் மிருதங்கம் கற்கத் தொடங்கினேன். பிழைப்புக்காக வியன்னா வந்த பிறகு, பல்கேரியர்கள் மூவர் இருந்த ஒரு சிறு குழுவில் ஆறு ஆண்டுகள் மிருதங்கமும் கஞ்சிராவும் வாசித்தேன். நீங்கள் போன கச்சேரியை நான் கேட்கவில்லை. ஆகவே அந்த ஐவரும் அன்று என்ன வாசித்தார்கள் என்று நான் சாட்சி சொல்ல முடியாது. நீங்கள் எழுதியதை வைத்து, இப்படிப்பட்ட குழுக்கள் எப்படி இயங்குகின்றன என்பதை மட்டும் சொல்ல முடியும்.

முதலில் அந்த ஏழு. பல்கேரியாவில் கைகோத்து வரிசையாகவும் வட்டமாகவும் ஆடும் ஆட்டத்துக்கு ஹோரோ என்று பெயர். ஹோரோக்களில் இரண்டு இரண்டாக நேராக எண்ணும் தாளமும் உண்டு. ஆனால் ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று என்று போவதுதான் வெளியாரைத் திகைக்க வைக்கும். ஐந்தில் ஓடுவது பைதுஷ்கோ: இரண்டு, மூன்று. நம் கர்நாடக இசையின் கண்ட சாப்பு தாளமேதான். ஏழில் முக்கியமானது ரச்செனிட்சா: இரண்டு, இரண்டு, மூன்று. ஒன்பதில் தைச்சோவோ: இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று. பதினொன்றில் கோபானிட்சா: இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு, இரண்டு. இவற்றை வேகமாக வாசிக்கும்போது, நாம் ஒன்று ஒன்றாக எண்ணும் இந்தச் சிறு மாத்திரைகள் நிமிடத்துக்கு நானூறை ஒட்டி ஓடும். அந்த வேகத்தில் ரச்செனிட்சாவின் முழு ஆவர்த்தனமும், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, ஏறக்குறைய ஒரு நொடியில் முடிந்துவிடும். ஒரு நொடிக்குள் ஒன்றிலிருந்து ஏழுவரை மனத்துக்குள்கூட எண்ண முடியாது. நீங்கள் ஏழை எண்ணிப் பிடித்தீர்கள் என்றால் அது கொஞ்சம் நிதானமான உருப்படியாக இருந்திருக்க வேண்டும்.

பல்கேரியர்கள் ஏழு என்று எண்ணுவதே இல்லை. அவர்களுக்கு ரச்செனிட்சாவில் மூன்றே அடிகள்: குட்டை, குட்டை, நீளம். குறில், குறில், நெடில் என்று வைத்துக்கொண்டால் நமக்கு எளிது. ஆனால் நம் இலக்கணத்து நெடில் குறிலைப்போல் இரண்டு மடங்கு. இங்கே நீள அடி குட்டை அடியைப்போல் ஒன்றரை மடங்குதான். அந்த அரை மடங்கில்தான் இந்த இசையின் உயிர் இருக்கிறது. நீள அடியில் உடம்பு கொஞ்சம் தொங்கி நிற்கும், பிறகு அடுத்த குட்டை அடிக்குள் விழும். துருக்கியில் இப்படிப்பட்ட தாளங்களுக்கு அக்சாக் என்று பெயர். நொண்டுவது என்று பொருள். அந்தப் பெயரில் எனக்கு உடன்பாடில்லை. கிராமத்துக் கிழவி ஒருத்தி ரச்செனிட்சா ஆடும்போது பாருங்கள், அவள் நொண்டவில்லை; ஒவ்வொரு மூன்றாவது அடியிலும் மிதக்கிறாள்.

என் முதல் ஒத்திகையில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்கு உதவும். அக்கார்டியன் வாசித்தவர் ஒரு ரச்செனிட்சாவை எடுத்தார். ஏழு என்று தெரிந்ததும் என் கை தானாக மிஸ்ர சாப்புக்குப் போனது: தகிட தகதிமி, மூன்றும் நான்கும். எண்ணிக்கை பொருந்தியது, எதுவும் உடைந்து விழவில்லை. ஆனால் அவர் நிறுத்திவிட்டார். நான் ஏழைச் சரியாக வாசித்தேன், ஆனால் நீள அடியை முன்னால் வைத்துவிட்டேன். அவருடைய பாட்டில் அது கடைசியில் வர வேண்டும். அவர் எதையும் விளக்கவில்லை. என் முழங்கையைப் பிடித்து எழுப்பி, அந்த மர அறையில் என்னைச் சுற்றி நடக்க வைத்தார். குட்டை, குட்டை, நீளம். கால் மணி நேரம் வெறும் நடை. திரும்ப உட்கார்ந்தபோது கை தகதிமி தகிட என்று சொல்லத் தொடங்கியிருந்தது. சியாமா சாஸ்திரி சில கிருதிகளில் கையாண்ட விலோம சாப்பு, நான்கும் மூன்றும், அதுவேதான். பத்து ஆண்டு பாடத்தில் இருந்த ஒன்றை எனக்குக் காலால் புரியவைத்தவர் அவர்.

இனி உங்கள் ஏழு, ஏழு, பதினொன்று. பிளோவ்திவ் நகரைச் சுற்றியுள்ள திரேஸ் சமவெளியில் செதி தோன்கா என்று ஓர் ஆட்டம் உண்டு. அதன் ஒரு சுற்று இருபத்தைந்து மாத்திரை: மூன்று இரண்டு இரண்டு, மறுபடி மூன்று இரண்டு இரண்டு, பிறகு இரண்டு இரண்டு மூன்று இரண்டு இரண்டு. அதாவது ஏழு, ஏழு, பதினொன்று. இதில் வரும் ஏழு, ரச்செனிட்சாவின் ஏழு அல்ல. நீள அடி முன்னால் வரும் ஏழு, நம் மிஸ்ர சாப்பின் அமைப்பு. அதனால்தான் உங்கள் தொடைத் தாளம் முதல் இரண்டு முறையும் சுகமாக உட்கார்ந்தது என்று நினைக்கிறேன். மூன்றாவது பகுதியில் நீள அடி நடுவுக்குப் போய்விட்டது, நீங்கள் தடுமாறினீர்கள். நீங்கள் கேட்டது செதி தோன்காவேதானா, அதே அமைப்பில் யாரோ புதிதாகச் செய்த உருப்படியா என்று உங்கள் விவரிப்பை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் இந்த மூன்று எண்ணும் இதே வரிசையில் தற்செயலாக வந்து விழாது. இதுவரை சொன்னது உறுதியான பகுதி.

தாளத்தைத் தவறவிட்டதற்காக நீங்கள் வருந்த வேண்டியதும் இல்லை. ஹங்கேரிய இசையமைப்பாளர் பெலா பார்த்தோக்கைவிட நாட்டுப்புற இசையைக் கூர்ந்து கேட்டவர் இருபதாம் நூற்றாண்டில் அரிது. ஹங்கேரியிலும் ருமேனியாவிலும் கிராமம் கிராமமாகப் போய் ஆயிரக்கணக்கான பாடல்களைப் பதிவு செய்தவர். பல்கேரியர்களின் ஆய்வுகளைப் படித்த பிறகு, தான் முன்பு சாதாரணத் தாளமாக எழுதிவைத்த ருமேனியப் பதிவுகளை எடுத்து மறுபடி கேட்டார். சிலவற்றில் இந்தக் குட்டையும் நீளமும் ஒளிந்திருந்ததைக் கண்டு திருத்தினார். 1938-இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். பல்கேரியாவில் தோப்ரி ஹ்ரிஸ்தோவ் என்ற இசையமைப்பாளர் அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, 1913-இல், இந்தத் தாளங்களை முறைப்படுத்தி எழுதியிருந்தார். உலகம் இதைப் பார்த்தோக்கின் வழியாகத்தான் அறிந்தது. அந்த வரிசையில் ஹ்ரிஸ்தோவின் பெயரையும் சேர்த்துச் சொல்வது நியாயம்.

சந்தேகமான ஒன்றை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் நம்மவர்கள் உடனே கேட்பது இதுதான்: இந்தச் சாப்பு எல்லாம் இந்தியாவிலிருந்து போனதா? ஐரோப்பாவில் ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்டு வந்த ரோமா மக்களின் முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து மேற்கே நகர்ந்தவர்கள் என்பதை அவர்களுடைய மொழி காட்டுகிறது, அதில் ஐயமில்லை. பல்கேரியாவின் தலைசிறந்த வாத்தியக்காரர்களில் பலர் ரோமாக்கள் என்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளையும் கட்டி, தாளமும் அவர்களோடு போனது என்று முடிச்சுப் போடுவதற்குத்தான் சான்று இல்லை. ரோமாக்கள் அதிகம் இல்லாத மலைக் கிராமங்களிலும் இந்தத் தாளங்கள் ஆழமாக வேரூன்றியிருக்கின்றன. அந்த நிலத்தில் வாழ்ந்த பண்டைய திரேசியர்களின் சொத்து என்று பல்கேரியர்கள் சிலர் சொல்வதும் இதே வகைதான். திரேசியர் விட்டுச்சென்ற தாளக் குறிப்பு எதுவும் நம்மிடம் இல்லை. பாட்டின் சொற்களின் நீளத்திலிருந்து பிறந்தது, ஆட்டத்தின் தாவலிலிருந்து பிறந்தது, உஸ்மானியத் துருக்கியர் ஆட்சிக் காலத்து இசையிலிருந்து வந்தது என்று ஆய்வாளர்கள் மூன்று பக்கமும் நிற்கிறார்கள். ஒரே கணக்கை இரண்டு ஊர்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கலாம் என்பதே எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

இப்போது உங்கள் நண்பரின் கூற்றுக்கு வருகிறேன். சுதந்திரமாக வாசிக்கும் பகுதி எல்லாம் ஜாஸ், கட்டுக்கோப்பான பகுதி எல்லாம் நாட்டுப்புறம் என்று பிரிப்பது பலர் செய்யும் தவறு. கிராமத்து ஹோரோவையே எடுத்துக்கொள்ளுங்கள். கைடா என்ற தோல்பை வாத்தியக்காரர் ஒரு மணி நேரம் ஆட்டத்துக்கு வாசிக்கிறார் என்றால், எழுதிவைத்த ஒரு மணி நேர இசை அவரிடம் இல்லை. கொல்யானோ என்று அவர்கள் சொல்லும் சின்னச் சின்னப் பகுதிகள் இருக்கின்றன. அந்தச் சொல்லுக்கு முழங்கால் என்று பொருள். ஒரு முழங்காலை இரண்டு முறை வாசிப்பார், அடுத்ததற்கு மடங்குவார், ஆடுபவர்களின் வேகத்தைப் பார்த்து ஒன்றை நீட்டுவார், ஒன்றைப் புதிதாகக் கட்டுவார். தாளமற்ற மெதுவான வாசிப்பும் உண்டு. கேட்டால் நீங்கள் உடனே ஆலாபனை என்பீர்கள். ஆகவே மனோதர்மம், அதாவது அந்த நேரத்துக் கற்பனையில் வாசிப்பது, அங்கே முன்பே இருந்தது. அதை ஜாஸ் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

ஜாஸ் கொடுத்தது வேறு. ஒன்று, தனி வாசிப்பின் ஒழுங்கு. முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசிப்பது, பிறகு ஒவ்வொருவராக முன்வந்து அதே அடித்தளத்தின்மேல் விரிப்பது, கடைசியில் மெட்டுக்குத் திரும்புவது. கவால்காரர் தனியாக வாசித்தபோது மற்ற இருவர் வாத்தியத்தை இறக்கி வைத்து நின்றார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பழக்கம் ஜாஸ் மேடையின் பழக்கம். இன்னொன்று, சுரக்கோவை, அதாவது சில சுரங்களை ஒன்றாக ஒலிக்கும் கார்டு. பழைய பல்கேரிய இசை பெரும்பாலும் ஒரே சுருதியின்மேல் நிற்பது, நம் தம்புராவின்மேல் ராகம் நிற்பதுபோல. கைடாவில் அந்தச் சுருதி வாத்தியத்துக்குள்ளேயே ஓயாமல் ஒலிக்கிறது. ஜாஸ் வந்ததும் அக்கார்டியனும் பேஸும் மெட்டின் அடியில் சுரக்கோவைகளை நகர்த்தத் தொடங்கின. அதே மெட்டு, அடியில் தரை நகர்ந்தால் முகம் மாறிவிடுகிறது. சில இடங்களில் அழகாக இருக்கிறது. ஆனால் மாயாமாளவகௌளை ராகத்தின் கீழ்ப்பாதிபோல ஒலிக்கும் அவர்களுடைய ஹிஜாஸ் என்ற வகை மெட்டுகளில், பேஸ் வாசிப்பவர் ஒரே சுரத்தில் பிடிவாதமாக நின்றால்தான் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அங்கே சுரக்கோவையை மாற்றிக்கொண்டே போகிறவர்கள் அந்த மெட்டின் வலியைத் தணித்துவிடுகிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கலப்பு எப்போது தொடங்கியது என்பதைத் தெரிந்துகொண்டால் நீங்கள் கேட்டது இன்னும் துலங்கும். கம்யூனிஸ்ட் ஆட்சியில் அரசு நாட்டுப்புற இசையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 1951-இல் இசையமைப்பாளர் பிலிப் குத்தேவ் தலைமையில் அரசுக் குழு உருவானது. கிராமத்துப் பாடகிகளும் வாத்தியக்காரர்களும் மேடைக்கு வந்தார்கள். இசை எழுதப்பட்டது, ஒழுங்காக்கப்பட்டது. 1967-இல் கோத்தல் என்ற ஊரில் நாட்டுப்புற வாத்தியங்களுக்கென்றே பள்ளி திறந்தார்கள். இன்னொரு பக்கம், அமெரிக்க வானொலியில் இரவு நேரத்தில் வந்த ஜாஸ் நிகழ்ச்சியை அங்கே இளைஞர்கள் சிற்றலையில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிளோவ்திவ் நகரில் பிறந்த பியானோக் கலைஞர் மில்ச்சோ லெவியேவ் 1960-களிலேயே ஒன்பது மாத்திரையில் ப்ளூஸ் என்ற அமெரிக்க இசைவகையில் ஓர் உருப்படி எழுதினார். அவர் இருந்த நால்வர் குழு 1967-இல் சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோ ஜாஸ் விழாவில் விமர்சகர்களின் பரிசை வென்றது. 1970-இல் அவர் நாட்டை விட்டு வெளியேறினார். பிறகு அமெரிக்காவில் டான் எல்லிஸ் என்ற ஜாஸ் கலைஞரின் குழுவில் சேர்ந்தார். எல்லிஸ் அதற்கு முன்பே ஹரிஹர் ராவ் என்ற இந்தியக் கலைஞரிடம் தாளம் கற்றவர். பல்கேரிய மெட்டு ஒன்றை எடுத்து முப்பத்து மூன்று மாத்திரைச் சுற்றில் எல்லிஸின் குழு வாசித்தது 1971-இல்.

ஆனால் என் மனம் அதிகம் நிற்பது கல்யாண வீட்டு வாத்தியக்காரர்களிடம். 1970-களில் பல்கேரியக் கிராமக் கல்யாணம் என்றால் இரண்டு மூன்று நாள், நூற்றுக்கணக்கான விருந்தினர், பந்தல், ஒலிபெருக்கி. கிளாரினெட், சாக்ஸபோன், அக்கார்டியன், மின்கிதார், டிரம்ஸ். இந்தக் குழுக்கள் ஹோரோவை மின்னல் வேகத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் தலையானவர் கிளாரினெட் கலைஞர் இவோ பாபசோவ். 1952-இல் கர்ஜாலி என்ற ஊரில் பிறந்த துருக்கிய ரோமா. 1974-இல் திராக்கியா என்ற குழுவைத் தொடங்கினார். அரசுக்கு இவர்கள்மேல் பிரியமில்லை. இந்த இசை "தூய்மையானது" அல்ல, துருக்கிய வாடையும் ரோமா வாடையும் வீசுகிறது என்று கண்டித்தார்கள். க்யுச்செக் என்ற ரோமா ஆட்டத்தைப் பொது மேடையில் தடுத்தார்கள். சிறுபான்மையினரின் பெயர்களையே மாற்றவைத்த காலம் அது. பாபசோவின் இப்ராயிம் என்ற பெயர் இவோ ஆனது அந்த ஆட்சியில்தான். சிறையையும் அவர் பார்த்தார். மக்கள் என்னவோ அவர் தேதிக்குக் காத்திருந்து கல்யாணம் வைத்தார்கள்; கல்யாணத்தில் பதிவு செய்த கேசட்டுகள் கைமாறி நாடு முழுக்கப் போயின. 1985-இல் அரசே ஸ்தம்போலோவோ என்ற கிராமத்தில் இந்தக் குழுக்களுக்கு ஒரு விழா நடத்த வேண்டி வந்தது, நடுவர்களையும் விதிகளையும் வைத்துக்கொண்டு. பிறகு ஜோ பாய்டு என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர் பாபசோவின் இசையை 1989-இலும் 1991-இலும் இரண்டு ஆல்பங்களாக வெளிநாட்டுக்குக் கொண்டுவந்தார்.

பாபசோவின் வாசிப்பில்தான் நாட்டுப்புறமும் ஜாஸும் எங்கே ஒட்டுகின்றன என்பது எனக்குப் புரிந்தது. ஒப்பிட ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்க ஜாஸ் பியானோக் கலைஞர் டேவ் புருபெக் 1958-இல் இஸ்தான்புல் தெருவில் ஒன்பது மாத்திரைத் தாளம் ஒன்றைக் கேட்டார், இரண்டு இரண்டு இரண்டு மூன்று. அதை வைத்து அவர் எழுதி 1959-இல் பதிவு செய்த உருப்படி உலகப் புகழ் பெற்றது, தகுதியான புகழ்தான். ஆனால் கவனித்துக் கேளுங்கள்: மெட்டு ஒன்பதில் இருக்கிறது, தனி வாசிப்பு தொடங்கியதும் தாளம் வழக்கமான ஜாஸ் நான்குக்கு இறங்கிவிடுகிறது. வந்த விருந்தாளியை வாசலில் வரவேற்றுவிட்டு, உள்ளே போய் வீட்டுப் பாஷையில் பேசுவதுபோல. பாபசோவ் அப்படிச் செய்வதில்லை. ஏழென்றால் தனி வாசிப்பும் ஏழிலேயே, பதினொன்று என்றால் பதினொன்றிலேயே, ஆட்டத்தின் முழு வேகத்தில். சுரங்களின் போக்கு ஜாஸ் மாதிரி நெளிந்து வெளியே போய்விட்டுத் திரும்பும்; நீள அடி மட்டும் இடம் மாறாது. ஏனென்றால் எதிரே நூறு பேர் கைகோத்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள். நீள அடி தவறினால் அத்தனை கால்களும் தவறும்.

ஆகவே இனி இப்படிப்பட்ட கச்சேரிக்குப் போனால் தனி வாசிப்பு வரும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நீள அடி அதே இடத்தில் இருக்கிறதா? இருந்தால் வாசிப்பவரின் கால் கிராமத்தில் நிற்கிறது, கைவிரல் எங்கே போனாலும். இது நல்லது, மற்றது கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் கலப்பு மேலாகத் தடவியதா, உள்ளே இறங்கியதா என்பதை அறிய எனக்குத் தெரிந்த உறுதியான அடையாளம் இது ஒன்றுதான்.

அந்த நீள அடியைக் கண்டுபிடிக்க வாத்தியங்களே வழி காட்டும். தபான் என்ற பெரிய இருமுக முரசு கிராமத்து வாத்தியம். ஒரு தோலில் தடித்த கழி, மறு தோலில் மெல்லிய பிரம்பு. நம் தவில்காரர் ஒரு பக்கம் குச்சியும் மறு பக்கம் கூடு போட்ட விரல்களும் வைத்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தடித்த கழி அடிகளைச் சொல்லும். பிரம்பு இடையில் உள்ள சிறு மாத்திரைகளை நிரப்பும். குட்டை அடியில் கழிக்குப் பின் பிரம்பு ஒரு முறை, நீள அடியில் இரண்டு முறை. உங்கள் கச்சேரியில் தபான் இல்லை. ஆனால் டிரம்ஸ் வாசித்தவர் பெரிய முரசில் கழியின் வேலையையும், உலோகத் தட்டில் பிரம்பின் வேலையையும் செய்திருப்பார். நல்லவராக இருந்தால் இரண்டு தட்டொலி எங்கே அடுத்தடுத்து விழுகிறது என்று கேட்டாலே போதும், நீள அடி அங்கே.

கவாலின் ஒலியைப் பற்றி நீங்கள் வியந்து எழுதியதற்கும் ஒரு வார்த்தை. அது மூன்று மரத்துண்டுகளைச் சேர்த்துச் செய்த குழல், இரு முனையும் திறந்தது. நம் புல்லாங்குழல்போல் பக்கத்துத் துளையில் ஊதுவதில்லை. மேல் விளிம்பிலேயே, கடைவாயைச் சாய்த்து வைத்து ஊத வேண்டும். கீழ் ஸ்தாயியில் மூச்சும் சுரமும் பிரியாமல் வரும். மணல் கலந்ததுபோல் அந்த ஒலி. கடுல்காவும் வயலினைப்போல் தாடைக்கு ஏறாது. நிமிர்த்திப் பிடித்து, தந்தியை விரல் நகத்தின் ஓரத்தால் தொட்டு வாசிப்பது. பிரதான தந்திகளுக்கு அடியில் பத்துப் பன்னிரண்டு மெல்லிய தந்திகள் தாமாக அதிர்ந்து ரீங்கரிக்கும். இந்த இரண்டு ஒலிகளும் ஜாஸுக்குள் நுழைந்தபோது ஜாஸும் கொஞ்சம் மாற வேண்டியிருந்தது. கவாலை அந்த மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் தெயோதோசி ஸ்பாசோவ், கோத்தல் பள்ளியில் படித்தவர். அவர் வாசிப்பைத் தேடிக் கேளுங்கள். மூச்சுதான் அங்கே வாத்தியம் என்று தோன்றும்.

நம் பக்கத்திலிருந்தும் இதற்கு ஓர் இணை உண்டு. அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ மலேசியாவில் வேலையாக இருந்த காலத்தில் நாகஸ்வரத்தைக் கேட்டு மயங்கி, அதைக் கற்று, தன் ஜாஸ் மேடைகளில் வாசித்தார். பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆப் பெர்கஷன் குழுவோடு அவர் 1983-இல் பதிவு செய்ததைக் கேட்டால், தாளத்துக்குள் இறங்கிய கலப்புக்கு இன்னொரு சான்று கிடைக்கும்.

எவ்வளவு முன்பே முடிவானது என்ற கேள்வி பாக்கி. என் அனுபவத்தில், இப்படிப்பட்ட குழுவில் மெட்டுப் பகுதி ஒவ்வொரு அலங்காரத்தோடும் முடிவானது. கவாலும் கடுல்காவும் ஒன்றாக ஓடும் இடத்தில் ஒரு சிறு நடுக்கம்கூட இருவருக்கும் ஒரே இடத்தில் விழும். அது ஒத்திகையின் விளைவு, பள்ளிப் பயிற்சியின் விளைவு. யார் முதலில் தனி வாசிப்பது, பின்னால் யார் சேர்வது என்பதும் பெரும்பாலும் முடிவானது. தனி வாசிப்பின் சுரங்கள் முடிவானவை அல்ல. ஆனால் வெற்றிடத்திலிருந்து குதிப்பவையும் அல்ல. நம் கல்பனா ஸ்வரத்தில் பாடகர் ஆண்டுக்கணக்கில் சாதகம் செய்த சேர்க்கைகளைக் கொண்டு அந்த நிமிடத்தில் கட்டுவது போன்றதுதான். அன்று அந்த ஐவரில் யார் எந்தச் சேர்க்கையை முதன்முறையாகக் கண்டார் என்பது அவருக்கு மட்டும் தெரியும். நல்ல இரவில் சக கலைஞருக்கும் தெரியும், முகத்தில் பார்க்கலாம்.

கடைசியாக, அந்த ஒரே நொடி முடிவு. நம் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்தில் கோர்வை என்ற முடிவுச் சொற்கட்டு மூன்று முறை வந்து, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் விழுவதுபோல் எண்ணி முடிக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. எங்கள் குழுவில் நடந்தது இதுதான்: மெட்டின் கடைசி முழங்கால் வந்ததும் அக்கார்டியன்காரர் தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பகுதி இன்னும் ஒரு முறை வரும், அதன் கடைசி ஆவர்த்தனத்தில் முடிவு என்று அதற்குப் பொருள். அந்த ஆவர்த்தனத்தின் குட்டை அடிகளில் அவருடைய துருத்தி சற்று அகலத் திறக்கும், நீள அடியில் நாங்கள் எல்லோரும் மூச்சை இழுப்போம், அடுத்து வரும் முதல் அடியில் துருத்தி மூடிவிடும். என் கை அந்தத் துருத்தியைப் பார்த்தே நின்றது. ஆறு ஆண்டுகளில் ஒரு முறையும் எண்ணி நிறுத்தியதில்லை. அடுத்த முறை அக்கார்டியனுக்கு நேர் எதிரே இடம் பிடித்து உட்காருங்கள்.